ஆறாத கால் புண்ணுக்கு ஆக்சிஜன் அறை: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 57. பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். பல ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இடது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று மருத்துவமனையில் சொன்ன நாளிலிருந்து அவர் அந்தப் பக்கமே போக மறுக்கிறார். டவுனில் உள்ள ஓர் ஆரோக்கிய மையத்தில், ஆக்சிஜன் கூடாரத்துக்குள் நாற்பது தடவை படுத்தால் புண் மூடிவிடும், விரல் தப்பிவிடும் என்கிறார்களாம். பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்பது கேள்வி.

வைக்காதீர்கள் தங்கச்சி. அழுத்தம் கூட்டிக் கொடுக்கும் ஆக்சிஜன் சிகிச்சை உண்மையான மருத்துவம்தான். சில நோய்களில் அது உயிரைக் காப்பாற்றுகிறது. உங்கள் அப்பாவுக்கே பிறகு ஒரு கட்டத்தில் தேவைப்படலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவருடைய புண் ஏன் ஆறவில்லை என்பதை இன்னும் யாரும் முழுதாகத் தேடிப் பார்க்கவில்லை. அந்த மையத்தில் இருக்கும் கூடாரமும் மருத்துவர்கள் பேசும் அந்தச் சிகிச்சைக்கான கருவி இல்லை. நான் பேராவின் அரசாங்க மருத்துவமனைகளில் காயப் பராமரிப்புத் தாதியாக நெடுங்காலம் வேலை செய்தவள். தோட்டத்து மக்களின் கால்களைக் கழுவிக் கட்டியதே என் வாழ்நாள் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் சாதாரணமாக மூச்சுவிடும்போதே, நுரையீரல் நன்றாக இருந்தால், இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ முழு அளவுக்கு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுவிடுகின்றன. விரலில் மாட்டும் கருவி 97, 98 என்று காட்டுவது அதைத்தான். அதற்கு மேல் சிவப்பணுக்களில் ஏற்ற இடமில்லை. ஆனால் சுற்றியுள்ள அழுத்தத்தைக் கூட்டிச் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால், அது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரையத் தொடங்குகிறது. சாதாரண நிலையில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது சுமார் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மில்லிலிட்டர் வரை போகிறது. ஓய்வில் இருக்கும் உடம்புக்கு அதுவே ஏறக்குறைய போதும். ஆம்ஸ்டர்டாமில் பூரேமா என்ற அறுவை மருத்துவர் பன்றிகளின் சிவப்பணுக்களை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கிவிட்டு, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். அந்த ஆய்வு 1960-இல் வெளிவந்தது. ஆக்சிஜன் பட்டினியில் கிடக்கும் தசைக்கு இப்படிக் கூடுதலாகக் கிடைத்தால் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன, வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்லும் திறன் கூடுகிறது, வீக்கம் குறைகிறது. இவ்வளவும் உண்மை.

இதில் எல்லாமே அழுத்தத்தின் அளவைப் பொறுத்தது. இத்துறையின் அமெரிக்கச் சங்கமான கடலடி மற்றும் உயரழுத்த மருத்துவச் சங்கம், குறைந்தது 1.4 மடங்கு அழுத்தமாவது இருந்தால்தான் இதைச் சிகிச்சை என்றே ஏற்கிறது. கூடவே, சுவாசிப்பது சுத்தமான ஆக்சிஜனாக இருக்க வேண்டும். ஆறாத புண்களுக்கு மருத்துவமனைகள் பயன்படுத்துவது 2 முதல் 2.5 மடங்கு வரை, ஒரு தடவைக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். இதைத் தாங்க எஃகு அறை வேண்டும், அல்லது தடித்த அக்ரிலிக் உருளை வேண்டும்.

ஜிப் வைத்து மூடும் துணிக் கூடாரம் அதைத் தாங்காது. அப்படிப்பட்டவை வழக்கமாக 1.3 மடங்கு வரைதான் போகும். அதற்குள் சாதாரணக் காற்று நிரம்பியிருந்தால் கணக்கு என்ன தெரியுமா? காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன், அதை 1.3-ஆல் பெருக்கினால் 27. அதாவது, வெளியே உட்கார்ந்து 27 விழுக்காடு ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். வார்டில் மூக்கில் மாட்டும் குழாயை நிமிடத்துக்கு 2 லிட்டரில் திறந்து வைத்தாலே கிட்டத்தட்ட 28 விழுக்காடு கிடைத்துவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த மென்கூடாரங்களுக்கு அனுமதி தந்திருப்பது மலையேறுபவர்களுக்கு வரும் உயரநோய்க்கு மட்டுமே. அந்த மையத்தில் "எத்தனை மடங்கு அழுத்தம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 1.3 என்றால் அப்பாவின் புண்ணுக்கு அதனால் பயன் வரும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. இப்படி ஒன்றை, கால் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம், நகையை வைத்தாவது கட்டு என்ற நிலைக்குத் தள்ளி விற்பது எனக்குப் பெருங்கோபத்தைத் தருகிறது.

இனி அப்பாவின் காலுக்கு வருகிறேன். உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இனிப்பு நீர்க்காரரின் கால் புண் ஆறாமல் கிடப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். ஒன்று, நரம்பு மரத்துப் போவது. வலி தெரியாததால் மனிதர் புண்ணின் மேலேயே நடக்கிறார். பெருவிரலுக்கு அடியில், உள்ளங்காலின் மேட்டுப் பகுதியில் வரும் புண் பெரும்பாலும் இந்த வகைதான். ஒவ்வோர் எட்டிலும் உடம்பின் பாரம் அந்த இடத்தில் இறங்குகிறது. செம்பனை வெட்டுபவர் காலை முழுக்க ஈரமான ரப்பர் பூட்ஸில், மேடும் பள்ளமுமான நிலத்தில், நீளக் கழியைத் தூக்கி அண்ணாந்து நின்று பாரத்தை முன்காலில் போட்டு இழுக்கிறார். அந்தக் கால் எப்படி ஆறும்? தைப்பூசத்துக்கு வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடந்துவிட்டு, உள்ளங்கால் வெந்துபோனதே தெரியாமல் வீட்டுக்குப் போனவர்களின் கால்களை நான் கழுவியிருக்கிறேன். மரத்துப்போன கால் அப்படித்தான்.

இந்த வகைப் புண்ணுக்கு முதல் மருந்து பாரத்தை இறக்குவது. முழங்கால் வரை அணைத்துப் போடும் தனி மாவுக்கட்டு, அல்லது அதற்கென உள்ள காலணி, அதுவும் கிடைக்காவிட்டால் புண்ணைச் சுற்றி ஒட்டும் தடித்த கம்பளிப் பட்டை. இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மருந்து கட்டிக்கொண்டு அதே பூட்ஸில் திரும்ப வேலைக்குப் போகிறார் என்றால், ஐந்து மாதம் ஆறாததில் ஆச்சரியமே இல்லை. இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் இத்தகைய புண்ணில் ஆக்சிஜன் அறைக்கு வேலையே இல்லை. அங்கே பட்டினி கிடையாது, நசுக்கல்தான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் இரத்தக்குழாய் அடைப்பு. புகை பிடிப்பவர், இரத்த அழுத்தம் உள்ளவர், சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். கால் பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்புறமும் நாடி தொட்டுத் தெரிகிறதா என்று யாராவது பார்த்தார்களா? தெரியவில்லையென்றால் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனை உண்டு, 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு. ஆனால் நீண்டகால இனிப்பு நீரில் குழாய்ச் சுவர்கள் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். எண் நன்றாக இருக்கிறதே என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் கால்விரலில் அளக்கும் அழுத்தம் நம்பகமானது. 30-க்குக் கீழே என்றால் மிகவும் அவசரம். இன்னொரு சோதனை, தோலின் மேல் ஒரு வில்லையை ஒட்டி அடியில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளப்பது. 40-க்குக் கீழே இருந்தால் அந்தப் புண் உண்மையிலேயே ஆக்சிஜன் இல்லாமல் வாடுகிறது என்று பொருள். உயரழுத்த அறைகளை முறையாக நடத்தும் மருத்துவர்கள் இதை அறைக்குள்ளும் அளப்பார்கள். அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசிக்கும்போது அந்த எண் 200-ஐத் தாண்டினால் சிகிச்சை பலிக்க நல்ல வாய்ப்பு. 100-ஐக்கூட எட்டாவிட்டால் பணமும் நாளும் வீண். யாருக்குப் பயன்படும் என்று தேர்ந்தெடுக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பெரிய குழாயே அடைத்திருந்தால் அதைத் திறப்பதுதான் சிகிச்சை: பலூன் வைத்து விரிப்பது, அல்லது மாற்றுக் குழாய் வைத்துத் தைப்பது. லயத்து வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் குழாய் அடைத்துக் கிடக்கும்போது மேட்டுத் தொட்டியில் எவ்வளவு நல்ல தண்ணீரை நிரப்பினாலும் வாசலில் சொட்டாது. இரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அதற்காகக் கோலாலம்பூர் வரை போக வேண்டி வந்தாலும் போங்கள்.

மூன்றாவது, எலும்பில் இறங்கிய கிருமி. புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை மெல்ல விட்டால் எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆகவே மறுபடி எடுக்க வேண்டும். தோட்டத்துக் கால்களில் இன்னொன்றும் உண்டு: செம்பனை முள் உடைந்து உள்ளேயே தங்கிவிடுவது. மேலே மூடியதுபோல் இருக்கும், பிறகு வெடிக்கும். நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியையும் மறக்கக்கூடாது; இனிப்பு நீர்க்காரர்களைத்தான் அது அதிகம் தேடிப் பிடிக்கிறது. சாதாரணமாகக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றுக்கு அது அடங்காது. அப்பா தோட்டத்து மண்ணிலும் சகதியிலும் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோப்பில் 'வேலை: பொது' என்று எழுதியிருந்தால் அது யாருக்கும் தோன்றாது.

சர்க்கரை அளவும் சாப்பாடும் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: புண் இருக்கும்போது பத்தியம் என்று மீன், முட்டை, கோழியை நிறுத்திவிடாதீர்கள். சதை வளர அதுதான் வேண்டும்.

இவையெல்லாம் பார்த்துச் சரிசெய்து, ஒரு மாதம் ஒழுங்காகப் பராமரித்தும் புண் அசையவில்லை என்றால், அப்போதுதான் ஆக்சிஜன் அறையைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்காவில் அரசாங்க முதியோர் காப்பீடு 2003 முதல் இதற்குப் பணம் தருகிறது. விதி என்னவென்றால், புண் எலும்பு அல்லது ஆழ்ந்த சீழ்வரை போன மூன்றாம் தரமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், 30 நாள் முறையான பராமரிப்பில் முன்னேற்றமே இருந்திருக்கக் கூடாது. சிகிச்சை தொடங்கிய பிறகும் 30 நாளுக்கு ஒருமுறை முன்னேற்றம் காட்டவில்லையென்றால் பணம் நின்றுவிடும். இந்த அளவுகோல் எனக்கு நியாயமாகப் படுகிறது. முன்னேற்றம் தெரிவது எப்படி என்றால், நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது சுருங்க வேண்டும். வாரம் ஒருமுறை பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். நல்லா இருக்கிறது என்ற வாய்ச்சொல்லை விட அந்தப் படம் மேலான சாட்சி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் ஒன்றை மட்டும் காட்டுவார்கள். 2010-இல் சுவீடனில் 94 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. எல்லாரையும் அறைக்குள் படுக்க வைத்தார்கள். யாருக்கு ஆக்சிஜன், யாருக்கு வெறும் காற்று என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்குப் புண் முழுதாக ஆறியது. மற்றவர்களில் 29 விழுக்காடு. நல்ல செய்தி. ஆனால் 2016-இல் கனடாவில் 103 பேரிடம் செய்த, அதேபோல் மறைத்து நடத்திய ஆய்வில் வேறுபாடே தெரியவில்லை. 2018-இல் நெதர்லாந்தில், இரத்த ஓட்டம் குறைந்த கால் புண் உள்ள 120 பேரிடம் செய்த ஆய்விலும் காலைக் காப்பாற்றுவதில் தெளிவான பயன் காணப்படவில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கினரால் முழுச் சிகிச்சையையும் முடிக்கவே முடியவில்லை. இவற்றையெல்லாம் எடைபோட்டு, நீரிழிவுப் பாதத்துக்கான அனைத்துலகச் செயற்குழு 2023-இல் சொன்னது இதுதான்: இரத்த ஓட்டம் குறைந்த புண்ணில், வழக்கமான சிகிச்சை தோற்றபின், வசதி இருக்கும் இடத்தில், துணைச் சிகிச்சையாகப் பரிசீலிக்கலாம். அந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. விரல் தப்பும் என்று எவரும் உறுதி கூற முடியாது. கூறுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படி ஒரு நாள் மருத்துவரே பரிந்துரைத்தால், அப்பாவின் உடம்பு அதற்கு ஏற்றதா என்று பார்ப்பார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் கண்டிப்பாகக் கூடாது. நீண்ட நாள் புகைபிடித்து நுரையீரலில் காற்றுப் பைகள் உண்டானவர், பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர், வலிப்பு வருபவர், இதயம் மிகவும் தளர்ந்தவர், புற்றுநோய்க்குப் பிளியோமைசின் போன்ற மருந்து ஏற்றியவர் ஆகியோருக்கு மருத்துவர் தனியாக யோசிப்பார். சளி பிடித்த நாளில் போகக்கூடாது. காது அடைத்து, செவிப்பறை கிழியவும் கூடும். இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் தொல்லை காதுதான். பல வாரம் போனால் கிட்டப்பார்வை வரலாம்; முடிந்தபின் சில வாரம், சில மாதங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும், ஆகவே அதற்குள் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். இன்சுலின் போடுபவருக்கு அறைக்குள் சர்க்கரை திடீரென இறங்கலாம். ஒவ்வொரு தடவையும் உள்ளே அனுப்பும் முன் சர்க்கரை பார்க்காத இடம் மருத்துவ இடமே இல்லை.

தீ விபத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். ஆக்சிஜன் நிறைந்த அறையில் ஒரு பொறி போதும். 1997-இல் மிலான் நகரத்து மருத்துவமனை ஒன்றின் அழுத்த அறையில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராய் நகரத்துத் தனியார் மையம் ஒன்றில் ஐந்து வயதுச் சிறுவன் அறைக்குள்ளேயே கருகிப்போனான். அதனால்தான் முறையான இடங்களில் நம்மை முழுதாக மாற்றிப் பருத்தித் துணி உடுத்தச் சொல்வார்கள். கைப்பேசி கூடாது, லைட்டர் கூடாது. தலையில் தேங்காய் எண்ணெய், உடம்பில் கோடாலித் தைலம், கைக்கடிகாரம், இடுப்புத் தாயத்து எதுவும் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் வலிக்கிறது என்று காலையிலேயே தைலம் தடவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முன்பே சொல்லி வையுங்கள். உடுத்தியிருக்கும் சட்டையோடு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே படுங்கள் என்று சொல்லும் இடத்தைக் கண்டால் திரும்பி நடங்கள்.

பிறகு தூரம். வாரம் ஐந்து நாள், ஆறு முதல் எட்டு வாரம். பேராவில் லூமுட் ஆயுதப்படை மருத்துவமனையில் கடற்படை முக்குளிப்பவர்களுக்கான உயரழுத்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. பரிந்துரையின் பேரில் பொதுமக்களையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தினம் போய்வருவது யார், வேலை நாள் சம்பளம் என்ன ஆகும், அங்கே தங்க உறவினர் வீடு உண்டா என்பதையெல்லாம் சிகிச்சைச் செலவோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். பஸ் ஏறி இறங்கி அந்தப் புண்காலில் நடந்து நடந்து போவதானால், அறைக்குள் கிடைக்கும் நன்மையை நடை தின்றுவிடும். பாதியில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்காமலே இருப்பது நல்லது. இன்னொன்று: புண் வேலையிடத்து முள்ளாலோ வெட்டாலோ வந்தது என்றால் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலையிட விபத்தாகப் பதிந்திருக்கிறதா என்று தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பதியாவிட்டால் உடனே பதியச் சொல்லுங்கள். நம் மக்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இதே சிகிச்சை தாமதமில்லாமல் தேவைப்படும் இடங்களும் உண்டு. மூடிய காரில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கி கார்பன் மோனாக்சைடு ஏறியவர், ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வந்ததால் மூட்டும் முதுகும் பிடித்துக்கொண்டவர், சதையை வேகமாக அழுகவைக்கும் வாயுக் கிருமி தாக்கியவர் ஆகியோருக்கு மணிக்கணக்கு முக்கியம். கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பாதியாகக் குறைய சாதாரணக் காற்றில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். மூன்று மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் 23 நிமிடம். திடீரென ஒரு காது கேட்காமல் போனவருக்கு, இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துத் தருவது பற்றி நிபுணரிடம் கேட்கலாம். தோட்டத்து அம்மாமார்களுக்கு வெற்றிலை பாக்கினால் வாய்ப்புற்று வருவது நம்மிடையே அதிகம்; கதிர்வீச்சு கொடுத்தபின் தாடை எலும்பு மக்கிப் போனால் இந்தச் சிகிச்சை உதவக்கூடும். ஆனால் கதிர்வீச்சு பெற்ற தாடையில் பல் பிடுங்கும் முன் தடுப்பாக இதைக் கொடுப்பதில் பயன் இல்லை என்று 2019-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

ஆட்டிசத்துக்கு, மறதி நோய்க்கு, இளமைக்கு என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் சேமிப்பை இதில் கரைப்பதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அந்த மையத்துக்கோ வேறெந்த மையத்துக்கோ போனால் இவற்றைக் கேளுங்கள்: உள்ளே அனுப்பும் முன் பரிசோதிக்கும் மருத்துவர் யார்? அவர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவில் இருக்கிறதா? நடப்பாண்டுத் தொழில் சான்றிதழ் வைத்திருக்கிறாரா? 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ் இடம் பதிவானதா? கருவி மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவானதா? உள்ளே வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? பத்துத் தடவைக்குப் பின் முன்னேற்றம் இல்லையென்றால் மீதிப் பணம் திரும்புமா? நாற்பது தடவைக்கும் முன்கூட்டியே பணம் கேட்கும் இடம், புண் ஆறுவதைப் பார்த்துச் சிகிச்சையை நடத்தப் போவதில்லை.

கடைசியாக அப்பாவின் பயம். "முதலில் விரலை எடுப்பான், பிறகு காலை எடுப்பான், பிறகு ஆளே போய்விடுவான்" என்று லயத்தில் எல்லாரும் பார்த்த கதை இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அப்படிப் போனவர்களில் பலர் குழாய் அடைப்பைப் பார்க்காமலே விரலை இழந்தவர்கள், அல்லது சீழ் மேலேறிய பிறகு வந்தவர்கள். எலும்பு அழுகிய ஒரு விரலை உரிய நேரத்தில் எடுத்து, இரத்த ஓட்டத்தையும் சரிசெய்தால், மீதிப் பாதம் நிற்கும், நடக்கலாம். ஒளித்து வைத்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரும். அவரிடம் "மருத்துவமனைக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். "விரலை எடுக்காமல் இருக்க என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டுவருவோம்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. ஓர் இரண்டாம் கருத்து கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் நம்பும் ஆள், தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த பழைய மண்டோரோ, மாமாவோ, கோயில் தலைவரோ, கூட வந்தால் இன்னும் நல்லது.

இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போய் ஈப்போ பொது மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரிடம் ஐந்து வெள்ளி என்பதுதான் குடிமக்களுக்கு வழக்கமான கட்டணம். போகும்போது அவர் போடும் பூட்ஸையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே எங்கே உராய்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரியும். நாடி, விரல் அழுத்தம், எக்ஸ்ரே, பாரம் இறக்கும் கட்டு ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அதுவரை வேலைக்கு விடுப்பு எழுதச் சொல்லுங்கள்.

காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், சிவப்பு பாதத்தின் மேல் பரவினாலும், நாற்றம் மாறினாலும், விரல் கறுத்தாலும், சர்க்கரை காரணமில்லாமல் ஏறினாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இரவு எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.